ஆண்குறிப் புற்றுநோய்: அறுவைக்குப் பிந்திய வாழ்க்கை

புற்றுநோயைப் பற்றிக் கிராம மக்களிடம் பேசும்பொழுது வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய உறுப்புகளைக் குறிப்பிடக் களப் பணியாளர்கள் இப்பொழுது தயங்குவதில்லை. அவற்றிற்குச் சுவரொட்டிகளும் உண்டு; படங்களும் உண்டு. ஆண்குறியில் தோன்றும் புற்றுநோயைப் பற்றிய சுவரொட்டியோ கண்ணில் படுவது அரிது. பேசுவோருக்கு நா எழுவதில்லை. கேட்போருக்கும் செவி கொடுக்க மனம் வருவதில்லை. அறுவை முடிந்து, நோய் நீங்கிற்று என்ற சீட்டுடன் ஊர் திரும்பும் நோயாளி இவ்விரு மௌனங்களுக்கும் நடுவே எஞ்சிய நாட்களைக் கழிக்க வேண்டியவராகிறார். அவர் உயிரைக் காக்கும் முறைகளை மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக விரித்துரைத்து வருகின்றன. காக்கப்பட்ட உயிருடன் அவர் எவ்வாறு வாழ்கிறார் என்ற வினா கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள்தான் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று.

மேலை நாடுகளில் இந்நோய் அருகியே காணப்படுகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே இது தோன்றுகிறது. பிரேசில், உகாண்டா, இந்தியா முதலிய நாடுகளின் சில பகுதிகளில் நிலைமை வேறு. 2020ஆம் ஆண்டிற்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி அவ்வாண்டில் ஏறக்குறைய 36,000 ஆண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறக்குறைய 13,000 பேர் இறந்தனர். நோயாளிகளின் எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கே. ஆகவே, இதை எங்கோ தொலைவிலுள்ள அரிய நோய் என்று ஒதுக்கிவிட இந்நாட்டு ஆசிரியருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் இடமில்லை.

ஆண்குறியின் மொட்டிலோ, அதை மூடியிருக்கும் முன்தோலின் உட்புறத்திலோ நோய் தொடங்குகிறது. முதலில் ஒரு சிவந்த தடிப்பு, அல்லது மருப்போன்ற முளை, அல்லது ஆறாத ஒரு சிறு புண். முன்தோல் பின்னுக்குத் தள்ள முடியாதபடி இறுகியிருந்தால் இவற்றுள் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. துர்நாற்றமுள்ள நீர் வடியும்பொழுதுதான் நோயாளி ஐயுறுகிறார். முன்தோல் இறுக்கமும், அதன்கீழ் அழுக்குச் சேர்வதால் உண்டாகும் நாட்பட்ட அழற்சியும், புகையிலையும் இந்நோய்க்கு வழிகோலுகின்றன. ஏறக்குறைய பாதி நோயாளிகளில் மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்ணுயிர் காணப்படுகிறது; கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவதும் இதே இனத்தைச் சேர்ந்ததே. இளமையிலேயே முன்தோல் நீக்கும் வழக்கமுள்ள யூதரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் இந்நோய் மிக அரிது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி.

அறுபதை நெருங்கும் ஓர் உழவருக்கு இப்புண் தோன்றியது என்று வைத்துக்கொள்ளலாம். அவர் முதலில் எண்ணுவது மேகநோய் என்றுதான். அவ்வெண்ணம் வந்தவுடன் வாய் அடைத்துப் போகிறது. மனைவியிடம் சொன்னால் அவள் வேறாக நினைப்பாள். மகனிடம் சொல்வது முறையன்று. சந்தையில் விற்கும் களிம்பு ஒன்றை வாங்கித் தடவுகிறார். சில மாதங்கள் செல்கின்றன. சிலருக்கு ஓராண்டும் கடந்து விடுகிறது. நோயாளிகளில் கணிசமானோர் ஓராண்டுக்கு மேல் தாழ்த்தியே மருத்துவரிடம் வருகின்றனர் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் காணப்படும் செய்தி. இத்தாமதத்தின் விலை உயிர் மட்டுமன்று. தொடக்கத்தில் சிறிதளவு தோலை நீக்கினால் போதுமாயிருந்த இடத்தில், தாமதித்தபின் உறுப்பையே நீக்க நேரிடுகிறது.

எவ்வளவு நீக்க வேண்டும்?

அறுவைக்குப் பின் நோயாளியின் வாழ்க்கை எவ்வாறு அமையும் என்பது பெரும்பாலும் எவ்வளவு நீக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. கட்டியின் விளிம்பிலிருந்து 2 செ.மீ. அளவுக்கு நல்ல திசுவையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்பது பழைய விதி. இரண்டு செ.மீ. என்பது கையிலோ முதுகிலோ சிறிய அளவு. இவ்வுறுப்பில் அதுவே பெரும் பகுதி. இவ்விதியைச் சோதித்தவர்களுள் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்களும் அடங்குவர். அறுத்தெடுக்கப்பட்ட 64 உறுப்புகளை நுண்பெருக்கியின்கீழ் ஆராய்ந்து அவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு யாதெனில், கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு அப்பால் நோய் பரவியிருந்த தொலைவு, வீரியம் குறைந்த கட்டிகளிலும் நடுத்தரக் கட்டிகளிலும் 5 மி.மீட்டரையும், வீரியம் மிக்க கட்டிகளில் 10 மி.மீட்டரையும் தாண்டவில்லை என்பதாகும். அதன்பின் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளும் சில மில்லிமீட்டர் இடைவெளியே போதும் என்ற கருத்தை வலியுறுத்தின.

இதன் பயனாக உறுப்பைக் காக்கும் முறைகள் பெருகின. மேற்பரப்போடு நிற்கும் நோய்க்குக் களிம்பு மருந்தும் லேசர்க் கதிரும். மொட்டோடு நிற்கும் கட்டிக்கு மொட்டை மட்டும் நீக்கித் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலை ஒட்டுதல். சில இடங்களில் கட்டிக்குள்ளேயே கதிரியக்க ஊசிகளைச் செருகும் சிகிச்சை. இம்முறைகளில் நோய் அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டுவது சற்று மிகுதி. அதை விரைவில் கண்டுபிடித்து மீண்டும் நீக்கினால் ஆயுளுக்குப் பெருங்கேடு விளைவதில்லை. ஆனால் 'விரைவில் கண்டுபிடித்து' என்ற நிபந்தனை, மருத்துவமனைக்கு முந்நூறு மைல் தொலைவில் வாழும் ஒருவரிடம் எளிதாக நிறைவேறுவதன்று. மருத்துவர் உறுப்பைக் காக்கத் துணிவதா, நீக்கிவிடுவதா என்று முடிவு செய்யும்பொழுது, இந்நோயாளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவாரா என்பதையும் எண்ணிப் பார்க்கிறார். அங்கே கிராமப் பணியாளர் ஒருவர், 'நான் அழைத்து வருகிறேன்' என்று சொல்லக்கூடுமானால், அச்சொல்லே ஒருவருடைய உறுப்பைக் காத்துவிடலாம்.

கட்டி மொட்டைக் கடந்து தண்டிலும் பரவியிருந்தால் பகுதி நீக்கமும், அடிவரை சென்றிருந்தால் முழு நீக்கமும் இன்றும் தேவைப்படுகின்றன. நம் நாட்டில் இவை அரியன அல்ல.

சிறுநீர் கழித்தல்

அறுவைக்கு முன் நோயாளிகளை வாட்டும் அச்சங்களுள் ஒன்று, இனிச் சிறுநீரை அடக்க முடியாமல் போய்விடுமோ என்பது. இவ்வச்சம் வேண்டுவதில்லை. சிறுநீரை அடக்கும் தசை உடலின் உட்புறத்தில், உறுப்பின் வேருக்கும் மேலே அமைந்துள்ளது. அறுவை அதைத் தொடுவதில்லை. பகுதி நீக்கத்துக்குப் பின் எஞ்சிய தண்டு போதிய நீளமுடையதாயின் நின்றுகொண்டே சிறுநீர் கழிக்கலாம். முழு நீக்கத்தில், விதைப்பைக்கும் குதத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் புதிய துவாரம் அமைக்கப்படுகிறது. அதன்பின் குந்தியோ அமர்ந்தோதான் கழிக்க வேண்டும்.

மேலை நாட்டு நூல்கள் இதை ஒரு பெரும் இழப்பாக வருணிக்கின்றன. நம் கிராமங்களில் ஆண்கள் குந்திச் சிறுநீர் கழிப்பது பழைய வழக்கமாதலின், வயலிலும் வீட்டிலும் இம்மாறுதல் அவ்வளவாக உறுத்துவதில்லை. இடர்ப்பாடு வேறிடத்தில் எழுகிறது. பேருந்து நிலையத்திலும், திரையரங்கிலும், ஆலைகளிலும் ஆண்களுக்கான சிறுநீர்க் கழிப்பிடங்கள் நிற்பவருக்கென்றே கட்டப்பட்டவை. கதவுள்ள அறை இருந்தால் அது பூட்டியிருக்கும், அல்லது நுழையத்தகாததாயிருக்கும். இதன் காரணமாக வெளியூர்ப் பயணத்தையே விட்டுவிடுவோரும், நீர் அருந்தாமல் வேலைக்குச் செல்வோரும் உண்டு. பின்னது சிறுநீர்ப்பாதையில் தொற்றுக்கு இடங்கொடுக்கும். பள்ளியிலோ அலுவலகத்திலோ பணிபுரியும் ஒருவர் காரணம் கூறாமல் கதவுள்ள கழிப்பறையின் சாவியைக் கேட்டால், காரணம் கேட்காமல் கொடுப்பது நன்று.

சிறுநீர் ஒரே தாரையாக விழாமல் சிதறி ஆடையை நனைப்பது பகுதி நீக்கத்துக்குப் பின் பலர் சொல்லும் குறை. அமர்ந்து கழிப்பதாலும், சிறு புனல் ஒன்றைப் பயன்படுத்துவதாலும் இது குறையும். தாரை நாளடைவில் மெலிந்து, முக்கிக் கழிக்க வேண்டியிருந்தால், அது துவாரம் சுருங்கி வருவதன் அறிகுறி. முதுமையின் குறை என்று இதைப் பொறுத்துக்கொண்டிருத்தல் தவறு. மருத்துவமனையில் துவாரத்தை விரிவாக்குவது எளிய சிகிச்சை. தாமதித்தால் நீர் அடைத்துக்கொள்ளும்.

இல்லறம்

ஆண்மை முழுவதும் அற்றுவிட்டது என்று நோயாளியும் உறவினரும் எண்ணிக்கொள்வதே இந்நோயைச் சூழ்ந்த பிழைகளுள் பெரிது. குரலும், மீசையும், உடல் வலிமையும், இச்சையும் விதைகளில் சுரக்கும் நீரைச் சார்ந்தவை. வழக்கமான அறுவையில் விதைகள் நீக்கப்படுவதில்லை. ஆகவே முழு நீக்கத்துக்குப் பின்னும் இவற்றுள் எதுவும் மாறுவதில்லை. பகுதி நீக்கத்தில் எஞ்சிய தண்டு விரைப்புக் கொள்கிறது; உணர்ச்சியும் விந்து வெளிப்படுதலும் தொடர்கின்றன. குழந்தை பெறும் வாய்ப்பும் பலருக்கு இருக்கிறது.

எனினும் இயல்வது வேறு, நிகழ்வது வேறு. பகுதி நீக்கம் செய்யப்பெற்ற 18 பேரைக் கேட்டறிந்து பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்குச் சற்று மேற்பட்டோர் உடலுறவுக்குப் போதிய விரைப்புப் பெற்றிருந்தனர். ஆனால் அறுவைக்கு முன்பிருந்த அளவில் இல்லறத்தைத் தொடர்ந்தவர் மூன்றில் ஒரு பங்கினரே. தொடராதவர்கள் கூறிய காரணங்களுள் முதன்மையானது உடலின் இயலாமையன்று. உறுப்பு சிறுத்துப் போனதும் மொட்டு இல்லாததும் தந்த வெட்கமே. கத்தி எடுத்துக்கொண்டதைவிட அதிகமானதை வெட்கம் எடுத்துக்கொண்டது என்பதை இவ்வாய்வு காட்டுகிறது. மருந்தால் தீராத இக்குறை பேச்சால் ஓரளவு தீரக்கூடியது.

அப்பேச்சில் மனைவிக்கு இடமிருப்பதில்லை என்பது வருந்தத்தக்கது. மருத்துவமனையில் ஒப்பமிடுபவர் பெரும்பாலும் மகனோ தமையனோ. மனைவி தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கிறாள். என்ன நீக்கப்பட்டது என்பதையே வீடு திரும்பியபின் தானாகக் கண்டு அறிபவர்களும் உண்டு. கணவர் தன்னை விலக்கிப் படுப்பதை அவள் வெறுப்பென்று கொள்கிறாள். அவள் தொடாமலிருப்பதை அவர் அருவருப்பென்று கொள்கிறார். இருவருடைய எண்ணமும் தவறாயிருக்கலாம். அறுவைக்கு முன்பே இருவரையும் ஒருங்கே அழைத்து, எது நீங்கும், எது எஞ்சும், எப்பொழுது மீண்டும் கூடலாம் என்பதை மருத்துவரோ செவிலியரோ விளக்குவது மிகுந்த பயன் தரும். புற்றுநோய் தொற்றுவதன்று, கணவரைத் தொடுவதாலோ அவருடைய ஆடையைத் துவைப்பதாலோ மனைவிக்கு அது வருவதில்லை. ஆனால் மேலே கூறிய வைரஸ் இருவரிடமும் இருக்கக்கூடுமாதலால், மனைவி கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இதை அவளிடம் சொல்லும் விதத்தில் பழி தொனிக்கக் கூடாது.

முன்கையின் தோலையும் இரத்தக் குழாய்களையும் கொண்டு புதிய உறுப்பு அமைக்கும் முறையைச் சீன மருத்துவர்கள் 1984இல் வெளியிட்டனர். நோய் மீளவில்லை என்று உறுதியானபின் தேர்ந்த சில மருத்துவமனைகளில் இவ்வறுவை செய்யப்படுகிறது. பல கட்டங்களையும் பொருட்செலவையும் வேண்டுவதாதலின் பெரும்பாலோருக்கு இது எட்டுவதில்லை.

மனத்தின் நிலை

அதுவரை வெளியான ஆறு ஆய்வுகளில் இடம்பெற்ற 128 நோயாளிகளின் விவரங்களை 2009இல் இங்கிலாந்து மருத்துவர்கள் தொகுத்தனர். வாழ்வின் நலம் குன்றியதாக 40 விழுக்காடு வரையிலானோர் கூறியிருந்தனர். ஏறக்குறைய பாதிப்பேரிடம் மனநோய் அறிகுறிகள் காணப்பட்டன. மூன்றில் இரு பங்கினர் வரை இல்லறச் செயல் குறைந்ததாகத் தெரிவித்தனர். 128 என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் உயிர் பிழைத்தோரில் பாதிப்பேர் மனத்தால் நோயுற்றிருந்தனர் என்பது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. இதற்கு முன் 1994இல் நார்வே நாட்டில் நடந்த ஆய்வில், இல்லற ஆற்றல் எஞ்சுமாயின் ஆயுள் குறையும் அபாயத்தையும் ஏற்றுக்கொண்டிருப்போம் என்று கூறியவர்களும் இருந்தனர். ஆயுளை நீட்டுவதொன்றே நோயாளியின் விருப்பம் என்று மருத்துவர்கள் தாமாகக் கொள்வது பொருந்தாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

கிராமத்தில் இம்மனநோய்க்கு அந்தப் பெயர் இல்லை. முன்பு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தவர் இப்பொழுது வருவதில்லை, திருமண வீட்டுக்கு மனைவியை மட்டும் அனுப்புகிறார், ஆற்றிலும் கிணற்றடியிலும் பிறரோடு குளிப்பதை விட்டுவிட்டார், இரவில் உறக்கமில்லை, சிலர் குடிக்கத் தொடங்குகின்றனர். களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை இவையே. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று பலர் முன் கேட்டால் 'நன்றாயிருக்கிறேன்' என்ற விடைதான் வரும். தனியே, ஆண் பணியாளர் ஒருவர், 'நீர் கழிப்பதில் சிரமம் உண்டா?' என்று தொடங்கினால் மற்றவை தாமே வெளிவரும். அவ்வினா உடலைப் பற்றியதாதலால் விடை சொல்வதில் இழிவு தோன்றுவதில்லை. வாழ விருப்பமில்லை என்ற சொல் எவ்வடிவில் வந்தாலும் அதைப் பொருட்படுத்தி, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புதல் வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். பெயர் தெரிந்த மருத்துவரிடம் பேச வெட்கப்படுவோருக்கு முகம் தெரியாத குரல் சில வேளைகளில் எளிதாயிருக்கிறது.

தொடையிடுக்கும் காலும்

நோய் முதலில் பரவும் இடம் தொடையிடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்கள். அவற்றில் கட்டி தெரிந்தால் நீக்கியாக வேண்டும். ஒன்றும் தெரியாதபொழுதுதான் சிக்கல்: அத்தகையோரில் நால்வரில் ஒருவர் வரை மறைவாக நோயைக் கொண்டிருக்கக்கூடும். எல்லோருக்கும் கணுக்களை நீக்கினால் ஏனையோர் வீணாகத் துன்புறுவர். பராகுவே நாட்டைச் சேர்ந்த டாக்டர் கபான்யாஸ் 1977இல், நோய் முதலில் சென்று சேரும் 'காவற்கணு' ஒன்றை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். நெதர்லாந்து மருத்துவர்கள் 1994 முதல் கதிரியக்கப் பொருளையும் நீலச் சாயத்தையும் கொண்டு அக்கணுவைத் தேடும் முறையைச் செம்மை செய்தனர். மார்பகப் புற்றுநோயில் இன்று பெரிதும் வழங்கும் ஒரு முறைக்கு அரிதாகப் பேசப்படும் இந்நோய் வழிகாட்டியது என்பது சுவையான செய்தி.

கணுக்கள் முழுவதும் நீக்கப்பட்டவர்களுக்குப் புண் ஆறுவது தாமதப்படுகிறது, நிணநீர் வடிகிறது. பின்னர் காலும் விதைப்பையும் வீங்கலாம். உழவருக்கும் சுமை தூக்குவோருக்கும் ஆண்குறி அறுவையைவிட இவ்வீக்கமே பிழைப்பைக் கெடுப்பதாக அமைகிறது. பார்ப்பவர் யானைக்கால் என்றே நினைப்பர். காரணம் வேறாயினும் பேணும் முறை ஏறக்குறைய ஒன்றே. 1955இல் தொடங்கிய தேசிய யானைக்கால் நோய்த் தடுப்புத் திட்டத்தின் வழிவந்த பணியாளர்கள் இதை நன்கு அறிவர்: காலை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவுதல், விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்தல், சிறு கீறலுக்கும் மருந்திடுதல், உறங்கும்பொழுது காலை உயர்த்தி வைத்தல், கணுக்காலை மடக்கி நீட்டும் பயிற்சி, மருத்துவர் கூறும் இறுக்கமான காலுறை. வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். கால் சிவந்து சூடாகிக் குளிர்க்காய்ச்சல் வந்தால் அன்றே மருந்து தேவை.

நோய் மீள்வதாயின் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மீள்கிறது. ஆதலால் அக்காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஐந்தாம் ஆண்டு முடிய ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் சோதனைக்குச் செல்வது வழக்கம். இடைக்காலத்தில் நோயாளி குளிக்கும்பொழுது எஞ்சிய தண்டையும் இரு தொடையிடுக்குகளையும் தம் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். காலில் முள் குத்தினாலும் நெறிகட்டும் என்பது யாவரும் அறிந்ததே. மற்றவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம், இவர் பொறுக்கலாகாது. சோதனைக்குச் செல்லாமைக்குப் பலர் கூறும் காரணம் வழிச்செலவு. சிகிச்சைக்கும் மறுசோதனைக்கும் செல்லும் புற்றுநோயாளருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. அதற்குரிய சான்றிதழை மருத்துவமனையிலேயே கேட்டுப் பெறலாம். படிவத்தை நிரப்புவதற்கு ஊர்ப் பள்ளி ஆசிரியரின் உதவி தேவைப்படலாம்.